ஊவா மலைகளில் மூன்று போர்க்கலைகள்



தென்கிழக்காசிய மக்களின் மரபுவழிப் போர்க்கலைகளைப் பற்றிப் பேசப் புகுவோர், மலாயாவுக்கும் சாவகத்துக்கும் சீயத்துக்கும் நம்மை அழைத்துச் செல்வதே வழக்கம். இன்று அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. பதுளையிலே நின்றுகொண்டு சுற்றிலும் நோக்கினாற் போதும். சிங்கள மக்களின் அங்கம்பொர, மலாயரின் சீலாட், தமிழரின் சிலம்பம் ஆகிய மூன்று போர்க்கலைகளையும் அறிந்த மக்கள் இம்மலைநாட்டு மண்ணை மிதித்திருக்கின்றனர். அவர்களுள் எவரும் விளையாட்டுக்காக இங்கு வந்தவரல்லர்.

அங்கம்பொர இந்நாட்டுக்கே உரியது. ஆயுதமின்றிப் பிடித்தும் மடக்கியும் பொருதும் பகுதியை ‘அங்கம்’ என்றும், ஆயுதம் ஏந்திப் பொருதும் பகுதியை ‘இலங்கம்’ என்றும் வழங்குவர். இதன் ஆயுதங்களுள் ‘எதுணு கடுவ’ என்பது ஒன்று. வளையும் இரும்புத் தகடுகளைச் சவுக்கைப்போலச் சுழற்றும் இவ்வாயுதத்தைக் காணும் தமிழர் எவருக்கும் நமது சுருள்வாள் நினைவுக்கு வராமற் போகாது. கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களிலே மல்லர் இருவர் பொருதும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. அவ்வழியே செல்வோர் அதனைக் காணாது திரும்பலாகாது.

இக்கலையின் வரலாற்றில் ஊவாவுக்குத் தனியிடம் உண்டு. 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1817இல், ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் கிளர்ச்சி மூண்டது. பதுளையில் ஆங்கில அதிகாரியாயிருந்த வில்சன் என்பார் அவ்வாண்டு செப்டெம்பரிலே கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்குமாறு ஏவப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொல, அரசாங்கம் தந்த ஆயுதங்களைத் திருப்பியனுப்பிவிட்டுக் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். பகைவன் கொடுத்த துவக்கைக் கொண்டு பகைவனைச் சுடுவது தகாதென எண்ணிய அச்செயலைப் போர்க்கலையின் அறமென்றே நான் கருதுகிறேன். 1818 நவம்பர் 26ஆம் நாள் அவர் கண்டியிலே சிரச்சேதம் செய்யப்பட்டார். எடின்பரோ நகருக்குக் கொண்டு செல்லப்பட்ட அவரது மண்டையோடு, பின்னர் தாயகம் திரும்பி, 1954இலே கண்டியில் அடக்கஞ் செய்யப்பெற்றது.

தேசாதிபதி பிரவுன்றிக்கின் படைகள் ஊவாவின் வயல்களை அழித்தன, வீடுகளை எரித்தன, கால்நடைகளைக் கொன்றன. அக்காலத்தில் அங்கம்பொரவும் தடைசெய்யப்பட்டது என்றும், பயின்றோரின் முழங்காலைச் சுட்டனர் என்றும் அக்கலையின் ஆசிரிய பரம்பரையினர் இன்றும் சொல்லி வருகின்றனர். அதன் பின்னர் இக்கலை சில குடும்பங்களுக்குள்ளே ஒடுங்கி மறைவாகக் கற்பிக்கப்பட்டு வந்ததாகவும் அவர்கள் கூறுவர்.

இனி மலாயரைப் பார்ப்போம். சாவகருக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு பழையது. 13ஆம் நூற்றாண்டிலே சந்திரபானு என்னும் சாவக மன்னன் இந்நாட்டின்மீது படையெடுத்தான். அவனுடைய வீரர் நஞ்சு தோய்ந்த அம்புகளை எய்தனர் எனச் சூளவம்சம் கூறுகின்றது. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி அவர்களால் பெற்ற பெயர் என்பர். ஆயினும் இன்றைய இலங்கை மலாயரின் முன்னோர் பெரும்பாலும் ஒல்லாந்தர் காலத்திலே போர்வீரராகவும், நாடு கடத்தப்பட்ட பிரபுக்களாகவும், அடிமைகளாகவும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஆங்கிலேயர் அவர்களைக் கொண்டு ஒரு படைப்பிரிவையே அமைத்தனர். அவ்வீரர் துவக்கோடு ‘கிரிஸ்’ என்னும் நெளிந்த குத்துவாளையும் இடையிற் செருகியிருந்தனர் என்றும், போர் மூண்டு நெருங்கியவிடத்துத் துவக்கை எறிந்துவிட்டு அக்குத்துவாளோடு பாய்வர் என்றும் 1803இலே நூலெழுதிய பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் வியந்து குறிப்பிடுகிறார். அதே 1803இல், கண்டியிற் சிறைப்பட்ட நூர்தீன் என்னும் மலாயத் தலைவர், அரசனிடம் பணிசெய்ய மறுத்துத் தம் சகோதரரோடு உயிர் துறந்தார். கண்டி அரசனிடத்தும் மலாய வீரர் இருந்தனர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒரே கலையைக் கற்றவர்கள் இருபுறமும் நின்றனர்.

ஊவாக் கிளர்ச்சியை அடக்க வந்த படைகளிலும் மலாயர் இருந்தனர். சென்னையிலிருந்து வந்த சிப்பாய்களும் இருந்தனர். 1873இலே மலாயப் படைப்பிரிவு கலைக்கப்பட்டபோது, பலர் பொலிசில் சேர்ந்தனர்; சிலர் தோட்டங்களுக்கும் வந்தனர். அவர்கள் வழிவந்த குடும்பங்கள் பதுளையிலே வாழ்கின்றன.

சீலாட் கலையில் நமக்கு வியப்பூட்டுவது ஒன்றுண்டு. அதன் ஆட்டம் போன்ற அசைவுகளைப் ‘பூங்கா’ என்பர். மலாய மொழியில் அதற்கு மலர் என்பது பொருள். பகைவனை வீழ்த்தும் அடியைப் ‘புவா’ என்பர், அது கனி. மலரின்றிக் கனியில்லை என்பது போலும் அவர் கருத்து. நம் சிலம்பத்திலும் அலங்காரச் சிலம்பம், போர்ச் சிலம்பம் என இரு கூறுகள் உள்ளன. அங்கே மணமக்கள் முன்னிலையிலே முரசும் குழலும் ஒலிக்கச் சீலாட் ஆடுவர். இங்கே தப்பு முழங்கக் கம்பு சுற்றுவர். இவ்வொற்றுமைகளையும், பெயர்களின் முதலெழுத்து ஒத்திருப்பதையும் கொண்டு சிலம்பத்திலிருந்தே சீலாட் பிறந்தது என முழங்குவோர் உளர். 1025இல் இராசேந்திர சோழன் கடாரம் வென்றதும், சுமாத்திராவின் பாரூசிலே தமிழ் வணிகக் குழுவினர் 1088இல் கல்வெட்டுப் பொறித்ததும் உண்மையே. கொள்வதும் கொடுப்பதும் நிகழ்ந்திருக்கும். எனினும் ஒலியொற்றுமையை மட்டும் நம்பிப் பிறர் கலைக்கு உரிமை கொண்டாடுவது வரலாறு ஆகாது.

சிலம்பம் ஊவாவுக்கு வந்தது வெற்றியோடு அன்று. கோப்பித் தோட்டங்களுக்கும், 1869இலே தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் கட்டி வந்தபோது, மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தோரின் கால்களிலும் கைகளிலும் அது ஒட்டிக்கொண்டு வந்தது. மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்தவர்களிற் பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் தங்கள் மாரியம்மனையும், காமன் கூத்தையும், பொன்னர் சங்கர் கதையையும், கம்பையும் லயங்களுக்குக் கொண்டு சேர்த்தனர்.

கம்பு அதனைப் பிடிப்பவனின் நெற்றியளவு உயரம் இருத்தல் வேண்டும். முதலிற் கற்பது அடியன்று, சுவடு. கால் எங்கே வைப்பது, எப்பொழுது திரும்புவது என்பது பழகிய பின்னரே கம்பு கைக்கு வரும். ஆட்டம் தொடங்குமுன் களத்துக்கும் ஆசானுக்கும் சபைக்கும் வணக்கஞ் செலுத்துவதைச் சலாம் வரிசை என்பர். காலையிற் பெயர் கூப்பிட்டு வேலைக்கு விரட்டும் பெரட்டுக்களத்திலேயே, திருவிழா இரவுகளில் அதே தொழிலாளி கம்போடு நின்றான். பகலிலே கங்காணிக்குத் தலை குனிந்தவன் இரவில் நிமிர்ந்து நின்று சபையை வணங்கினான் என்பதை நான் சிறிய செய்தியாக எண்ணுவதில்லை.

இக்கலைக்கு இங்கே நேர்ந்த பெரிய இழப்பு அடக்குமுறையால் வந்ததன்று. 1964 ஒக்டோபரிலே கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. அதன்பின் ஆண்டுதோறும் குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டு தலைமன்னாருக்கு இரயிலேறின. தமையன் கூடலூர்த் தேயிலைத் தோட்டத்துக்கும் தம்பி பசறைக்குமாகப் பிரிந்த காலத்தில், ஆசானும் மாணாக்கனும் பிரியாதிருப்பாரா? சிலம்பத்துக்கு ஏடு இல்லை. ஆசானின் காலே அதன் ஏடு. அவர் கப்பலேறினால் அத்தோட்டத்தின் வரிசைகளும் அவரோடு கப்பலேறும்.

கடல் கடந்த நாடுகளில் நிலைமை வேறு. இந்தோனேசியாவின் பென்சாக் சீலாட்டையும் மலேசியாவின் சீலாட்டையும் யுனெஸ்கோ நிறுவனம் 2019இலே மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் சேர்த்தது. கம்போடியாவின் பொக்காத்தோர் 2022இல் அவ்விடம் பெற்றது. பிலிப்பைன்ஸ் நாடு, பிரம்புகளைக் கொண்டு ஆடும் ஆர்னிசைத் தன் தேசிய விளையாட்டாக 2009இலே சட்டம் இயற்றி ஏற்றது. தமிழ்நாட்டில் 2024 சனவரியிலே நடைபெற்ற இந்திய இளைஞர் விளையாட்டு விழாவில் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. திரையிலே கம்பு சுழற்றி அக்கலையைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பிய எம். ஜி. இராமச்சந்திரன் 1917இலே பிறந்தது நம் நாவலப்பிட்டியில் என்பதும் நேயர்கள் அறிந்ததே.

எங்கள் பாடசாலைப் பிள்ளைகளிடம் வீட்டில் எவரேனும் கம்பு சுற்றுவரா என்று ஆண்டுதோறும் கேட்பது என் வழக்கம். பாட்டனார் சுற்றுவார் என்று கைதூக்குவோர் உண்டு. தந்தை என்று சொல்வோர் சிலரே. கைதூக்கியவர்களிடம், அடுத்த விடுமுறையிலே பாட்டனாரைத் திண்ணையில் இருத்தி, வரிசைகளின் பெயர்களை அவர் சொல்லும் ஒழுங்கிலேயே எழுதி வருமாறு பணிக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி பதினொரு பெயர்கள் எழுதி வந்தாள். பன்னிரண்டாவதைப் பாட்டனார் சொல்லவில்லையாம். எழுந்து நின்று காலால் வைத்துக் காட்டினாராம்.