மணியோசையும் இடிதாங்கியும்

மின்னலில் இருந்து தப்பும் வழி கண்டறியப்பட்ட பின்னரும் ஐரோப்பா அதனை ஏற்கப் பல ஆண்டுகள் தயங்கியது. அத்தயக்கத்திற்குப் பலியானவர்களில் தேவாலய மணியடிப்போர் பலர் என்பது நம்மில் அதிகம்பேர் அறியாத செய்தி.

இடிமுழக்கம் கேட்டதும் தேவாலய மணிகளை ஒலிக்கச் செய்வது அங்கே நெடுங்கால வழக்கம். ஆசீர்வதிக்கப்பட்ட மணியின் ஓசை புயலைக் கிளப்பும் தீய ஆவிகளை விரட்டும் என்று நம்பினார்கள். 'மின்னலை முறிக்கின்றேன்' என்ற பொருள்பட மணிகளிலேயே இலத்தீனில் பொறித்தும் வைத்தார்கள். ஊரிலேயே உயரமான கோபுரம். அதன் உச்சியில் உலோக மணி. மணியில் இருந்து தொங்கும் ஈரக்கயிறு. கயிற்றைப் பிடித்தபடி ஒரு மனிதன். மின்னலுக்கு வேறென்ன வேண்டும்? 1784 இல் மியூனிக் நகரில் வெளியான நூலொன்று, 33 ஆண்டுகளில் 386 கோபுரங்கள் தாக்கப்பட்டு 103 மணியடிப்போர் மாண்டதாகக் கணக்குக் கூறுகிறது.

எங்கள் ஊர்களிலும் இடியிடித்தால் 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று சொல்வார்கள். அதை வீட்டுக்குள் இருந்தே சொல்லலாம், ஆபத்தில்லை. மணியடிப்பவனுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

இத்தனைக்கும், கூரைக்கு மேல் எழும் இரும்புக் கம்பியை ஈரநிலம்வரை இறக்கினால் போதும் என்று பெஞ்சமின் பிராங்ளின் 1753 ஆம் ஆண்டுக்கான தமது பஞ்சாங்கத்திலேயே அச்சிட்டிருந்தார். நிலத்தில் இறக்குவதுதான் இதில் முக்கியம். அதே ஆண்டு ஓகஸ்டில் செயின்ற் பீற்றர்ஸ்பேர்க்கில் ரிக்மன் என்ற அறிஞர், மின்னேற்றத்தை அளப்பதற்காக நிலத்தோடு இணைக்காத கம்பியொன்றை வீட்டுக்குள் கொண்டுவந்து, அதன் அருகே நின்றபோது மின்னல் தாக்கி இறந்தார்.

1769 இல் வெனிஸ் குடியரசின் ஆட்சியில் இருந்த பிரெசியா நகரில் வெடிமருந்துக் களஞ்சியத்தை மின்னல் தாக்கியது. நகரின் ஒரு பகுதியே தரைமட்டமாயிற்று. இறந்தோர் தொகையை நூலுக்கு நூல் வேறுவிதமாகச் சொல்கிறார்கள். 1776 இல், நூற்றாண்டுகளாகப் பலமுறை மின்னலால் சிதைந்த வெனிஸ் சான் மார்கோ மணிக்கோபுரத்தில் இடிதாங்கி ஏறியது. அக்கோபுரம் 1902 இல் சரிந்து விழுந்தது உண்மையே. ஆனால் அதற்குக் காரணம் மின்னலன்று, பலவீனமுற்ற சுவர்.

இடிதாங்கி கட்டடத்தைக் காக்கும். வெளியே நிற்பவனைக் காக்காது. இலங்கையில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வலுக்கும். அவ்வேளை வயலில் நிற்பவர்கள் மரத்தடிக்கோ, சுவரில்லாத கொட்டிலுக்கோ ஒதுங்குவதை இன்றும் காணலாம். மழைக்கு அது பொருத்தம், மின்னலுக்கு அல்ல. சுவரும் கூரையும் உள்ள வீட்டுக்கோ, கதவு மூடிய வாகனத்துக்கோ போய்விட வேண்டும். மழை விட்டதும் மண்வெட்டியோடு இறங்கிவிடவும் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் கழியட்டும்.