சீல் யாருக்காக?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் டிஸ்பாட்ச் பார்த்த காலத்தில் லாரிக் கதவுக்கு ஈய சீல்தான். கொண்டியில் கம்பியைக் கோத்து, இரண்டு முனையையும் ஈயக் குண்டின் துளைகளில் நுழைத்து, இடுக்கியால் ஓர் அழுத்து. குண்டு தட்டையாகி எழுத்து விழும். ஏற்றுமதிச் சரக்கென்றால் எக்சைஸ் அதிகாரியும் பக்கத்தில் நிற்பார். 2017-இல் மின்னணு சீல் வந்தது, கம்பெனியே பூட்டிக்கொள்கிறது. உள்ளே இருப்பது நல்ல சரக்கா மட்டமா என்று எந்த சீலுக்கும் தெரியாது. வழியில் குறைந்தால் யார் தலையில் விடியும் என்பதற்குத்தான் அது.

ஐரோப்பியத் துணி வியாபாரத்தில் ஈயத்துக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது. பட்டையால் இணைந்த இரண்டு ஈய வில்லைகள். ஒன்றில் குமிழ், மற்றதில் துளை. துணியின் ஓரத்தை நடுவில் வைத்து மடித்து, அச்சுக்கிடையில் ஓங்கி அடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இங்கிலாந்தில் கம்பளித் துணியின் நீள அகலத்தைச் சரிபார்த்து, வரி வாங்கிக்கொண்டு இதைக் குத்துவதற்கென்றே அதிகாரிகள் இருந்தார்கள். 1724-இல்தான் அந்த முறை ஒழிந்தது.

நம் பக்கத்துப் பழவேற்காட்டுக்கு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1610-இல் வந்தார்கள். 1613-இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. அவர்களுக்கு இங்கே வேண்டியது துணி. மலுக்குத் தீவுகளில் துணியைக் கொடுத்தால்தான் ஜாதிக்காயும் கிராம்பும் மலிவாகக் கிடைக்கும். உள்ளூர் வியாபாரிகளிடம் முன்பணம் கொடுத்துவைப்பார்கள். சாயவேரில் சிவப்பேறிய துணி வந்ததும் மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். தேறாததைத் தள்ளிவிடுவார்கள், அல்லது விலையைக் குறைப்பார்கள். தள்ளிய துணியின் நஷ்டம் கம்பெனிக்கு இல்லை. நான் பார்த்த ஜாப் ஒர்க் கணக்குக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை.

கம்பெனி வாங்கிய இந்தியத் துணிகள் பலவற்றில் விழுந்தது மை முத்திரை: பெரிய 'வி', அதன் ஒரு காலில் 'ஓ', மறு காலில் 'சி'. டச்சுக் கம்பெனியின் பெயரின் முதலெழுத்துகள்.

1825-இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதற்கு முன்பே டச்சுக் கம்பெனி திவாலாகி மறைந்துவிட்டது. ஆனால் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் தொராஜா மக்கள் இந்தியத் துணிகளைப் புனிதச் சொத்தாகத் தலைமுறை தலைமுறையாகக் காத்து, சடங்குகளுக்கு மட்டும் வெளியே எடுத்தார்கள். அவற்றில் சில இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஓரத்தில் அந்த மூன்றெழுத்து இன்னும் தெரிகிற துணிகளும் உண்டு. நெய்தவர் பெயரை எழுத அந்த முத்திரையில் இடமே விடவில்லை.