ஐரோப்பா எங்கே முடிகிறது?

பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார் தேசப்படத்தில் பிரம்பை வைத்து, "இது ஐரோப்பா, இது ஆசியா" என்றார். "நடுவே கடலைக் காணோமே, ஸார்?" என்று கேட்டேன். பிரம்பு தேசப்படத்தை விட்டு என் பக்கம் திரும்பியது.

ஹெரொடோட்டஸ் என்ற கிரேக்க சரித்திராசிரியருக்கும் கி.மு. 5-ம் நூற்றாண்டிலேயே இதே சந்தேகம் வந்ததென்று பிற்காலத்தில் அறிந்து ஆறுதல் அடைந்தேன். பூமி ஒன்றாயிருக்க, அதற்கு மூன்று பெண்களின் பெயர்கள் ஏன் என்று அவர் வியந்தார். ஐரோப்பா என்பவளோ டயர் நகரத்து ஆசியப் பெண். கிரேக்கர்கள் ஐரோப்பா என்று சொல்லும் பூமியில் அவள் காலே வைத்ததில்லையாம்!

வெகு காலம் வரை டான் நதிதான் எல்லை. அதன்படி பார்த்தால் ருஷ்ய ராஜ்யத்தில் கொஞ்சம்தான் ஐரோப்பா. 1721-ல் சக்கரவர்த்திப் பட்டம் சூடிய மகா பீட்டரின் தேசத்துக்கு இது போதுமா? மேல்நாட்டு அரசர்களுக்குக் கடல் கடந்து குடியேற்ற நாடுகள் இருந்தன. ருஷ்யாவுக்கும் ஓர் 'அக்கரை' வேண்டியிருந்தது.

அதற்கு வழி செய்தவர் ஒரு போர்க் கைதி! 1709-ல் பொல்டாவா யுத்தத்தில் பிடிபட்ட ஸ்வீடன் நாட்டு அதிகாரி ஸ்ட்ராலன்பெர்க், ஸைபீரியாவில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தார். ஊர் திரும்பி, 1730-ல் வெளியிட்ட புத்தகத்தில், யூரல் மலையே எல்லை என்று எழுதினார். "அந்த யோசனையைச் சொன்னதே நான்தான்" என்றார் ருஷ்ய அதிகாரி தாதிஷ்சேவ். மலைக்கு இருபுறமும் நதிகள் வேறு திசையில் ஓடுகின்றன, செடிகொடிகள் வேறு என்பது அவர் கட்சி. யாருடைய யோசனையானால் என்ன? உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது.

மலை என்றதும் இமயத்தை நினைத்துவிடாதீர்கள். யூரலில் மிக உயர்ந்த சிகரமே 1,900 மீட்டருக்கும் குறைவு. ரயில் செல்லும் இடத்தில் வெறும் குன்றுகள்தாம். மாஸ்கோவிலிருந்து 1,777-வது கிலோமீட்டரில் ஒரு தூண் நிற்காவிட்டால், கண்டம் மாறியது பிரயாணிக்குத் தெரியாது.

ஆனால் தெரிந்தவர்கள் உண்டு. 1885-ல் அங்கே சென்ற ஜார்ஜ் கென்னன் என்ற அமெரிக்கர் எழுதியிருக்கிறார். யூரலையும் தாண்டி, காட்டுப் பாதையில், ஸைபீரியாவின் எல்லையாக ஒரு செங்கல் தூண். நாடு கடத்தப்பட்டவர்களை அங்கே சற்று நிற்க விடுவார்களாம். சிலர் தூணின் ஐரோப்பியப் பக்கத்தை முத்தமிடுவார்கள். சிலர் மண்ணில் முகம் புதைத்து அழுது, கொஞ்சம் மண்ணை எடுத்துக்கொள்வார்கள். காவலர் உத்தரவு கொடுத்ததும், சிலுவைக் குறி இட்டுக்கொண்டு, சங்கிலிகள் ஒலிக்கக் கிழக்கே நடப்பார்கள்.