ஃபியூச்சராமா சித்திரக்கதைகள்

அமெரிக்க ஓவியர் மாட் கிரேனிங் படைத்து, 1999 மார்ச்சில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய விஞ்ஞானக் கற்பனை அசைபடத் தொடரான 'ஃபியூச்சராமா'வைத் தழுவி, அவரே பிறரோடு 1993-இல் நிறுவிய பாங்கோ காமிக்ஸ் பதிப்பகம் 2000 முதல் வெளியிட்டுவந்த சித்திரக்கதை வரிசை. ஆயிரம் ஆண்டுகள் உறைநிலையில் கிடந்து கண்விழித்த பீட்சா விநியோக இளைஞன் ஃபிரை, ஒற்றைக்கண் கப்பல் தலைவி லீலா, இயந்திர மனிதன் பெண்டர் ஆகியோரே இதிலும் பிரதான பாத்திரங்கள். ஆயினும் ஒளிபரப்பான கதைகளை நகலெடுக்காமல் பெரும்பாலும் புதிய கதைகளைப் புனைந்ததே இதன் தனிச்சிறப்பு. 2003-இல் தொலைக்காட்சி இத்தொடரைக் கைவிட்டபின், 2007-இல் நெடும்படமாக அது மீளும்வரை, அந்த உலகத்தை அணையாமல் காத்த பெருமை இவ்விதழ்களுக்கே உரியது.

கிரேனிங்கின் மற்றொரு அசைபடத் தொடரான 'சிம்ப்ஸன்ஸ்' உடன் இணைத்து இயன் பூத்பி எழுதி, 2002-இல் தொடங்கிய சங்கமக் கதையே இவ்வரிசையின் சிகரம் எனலாம். பகை கொண்ட பறக்கும் மூளைகள் ஃபிரையின் குழுவினரை ஒரு சிம்ப்ஸன்ஸ் சித்திரக்கதைப் புத்தகத்துக்குள்ளேயே சிறைவைக்கின்றன. அதன் தொடர்ச்சியிலோ, இலக்கியப் பாத்திரங்கள் நூல்களை விட்டு வெளியேறி நகரவீதிகளை நிறைக்கின்றன. பெண்டரின் கரகரத்த குரல் காகிதத்தில் ஒலியாதது குறையே. எனினும் திரையில் நொடியில் மறையும் பின்புல விநோதங்களை வாசகன் இங்கே விருப்பம்போல் நிதானித்து ரசிக்கலாம். 2018-இல் பாங்கோ மூடப்பட்டதோடு வரிசையும் முடிவுற்றது.