கொரோனா காலமும் தள்ளிப்போன எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையும்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை என்றதும் அது அழகுக்காகச் செய்யப்படுவது என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். உண்மையில் கட்டுக்குள் வராத நீரிழிவு, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு தடைபடுதல் போன்றவற்றால் அவதிப்படும் அதிக பருமனுள்ளவர்களுக்கான மருத்துவம் அது. அது தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் அனுபவம் ஓர் உதாரணம்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 17 அன்று இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை, அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை ஏப்ரல் 15-க்குள் நிறுத்தி, குறைந்தது மூன்று மாதங்கள் தள்ளிவைக்குமாறு மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது. படுக்கைகளும் வெண்டிலேட்டர்களும் கொரோனா நோயாளிகளுக்குத் தேவைப்பட்டன. எடைக் குறைப்பு சிகிச்சையும் இதனால் நின்றது.

அதே ஆண்டு ஜூலையில் அந்நாட்டின் பொது சுகாதாரத் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 35 முதல் 40 வரை உள்ளவர்களுக்குக் கொரோனாவால் இறக்கும் அபாயம் 40 சதவீதமும், 40-க்கு மேல் உள்ளவர்களுக்கு 90 சதவீதமும் அதிகம் என்றது அது. அதாவது, கொரோனாவுக்கு அதிகம் அஞ்ச வேண்டியவர்களே சிகிச்சை கிடைக்காமல் காத்திருந்தார்கள்.

காத்திருப்பும் எளிதல்ல. அறுவைக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பிருந்தே, கல்லீரலைச் சுருக்குவதற்காக மிகக் குறைந்த உணவை உண்ண வேண்டும். தேதி ரத்தானால் அதை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஊரடங்கில் நடைப்பயிற்சி குறைந்தது. மருத்துவரை நேரில் பார்ப்பதும் அரிதானது.

2020 மே மாதம் மருத்துவர் பிரான்செஸ்கோ ரூபினோவும் சக நிபுணர்களும் லான்செட் குழும மருத்துவ இதழில் ஒரு பரிந்துரையை வெளியிட்டனர். எடையை மட்டும் பார்க்காமல், நீரிழிவு போன்ற நோய்களின் தீவிரத்தைப் பார்த்து முன்னுரிமை தர வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதில் நமக்கும் பாடம் உண்டு. தெற்காசிய வம்சாவளியினருக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது. நம் வீட்டில் இந்தச் சிகிச்சைக்காகக் காத்திருப்பவர் இருந்தால், தேதி தள்ளிப்போனது என்பதற்காக மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்த விடக் கூடாது. சர்க்கரை ஏறினாலோ மூச்சுத்திணறல் கூடினாலோ அடுத்த தேதி வரட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "வாயைக் கட்டினால் போதாதா?" என்று கேலி பேசாமல் இருப்பதும் நாம் செய்யக்கூடிய உதவிதான்.