களத்துக்கு வராத நெல்

அறுவடை முடிந்த வயலில் எஞ்சிக் கிடக்கும் மணிகள் யாருக்கு உரியவை? இது மிகப் பழைய கேள்வி. வயலின் ஓரங்களை முற்றாக அறுக்க வேண்டாம், சிந்திய கதிர்களைப் பொறுக்க வேண்டாம், அவற்றை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடுக என்று லேவியர் நூலின் சட்டம் பணித்தது. மோவாபியப் பெண்ணாகிய ரூத்து போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது இம்மரபின்படியே. விடுதலைப் பயண நூல் இன்னும் ஓரடி முன் செல்கிறது. ஏழாம் ஆண்டில் தரிசாக விடப்படும் நிலத்தின் விளைவை ஏழைகள் உண்டபின், மீந்ததைக் காட்டு உயிர்கள் உண்ணட்டும் என்று அது விதிக்கிறது. உழாத, விதைக்காத உயிருக்கும் நிலத்தின் பலனில் பங்குண்டு என்பதே இதன் உட்பொருள்.

இந்தப் பங்கு மறுக்கப்பட்டதும், பின்னர் எதிர்பாராத வழியில் மீண்டு வந்ததும் ஒரு வரலாறு. அது நிகழ்ந்த இடம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, இப்பள்ளத்தாக்கை உள்ளடக்கிய மத்திய சமவெளியில் ஏறத்தாழ 40 இலட்சம் ஏக்கர் சதுப்பு நிலம் இருந்தது. அலாஸ்காவிலும் கனடாவிலும் கோடையைக் கழித்த வாத்தினங்கள், பனி இறங்கியதும் தெற்கே பறந்து வந்து இங்கே குளிர்காலத்தைப் போக்கின. நம் வேடந்தாங்கலுக்கும் கோடியக்கரைக்கும் வருகின்ற ஊசிவால் வாத்தின் இனத்தைச் சேர்ந்த பறவைகளே அங்கும் பெருந்திரளாக வந்தன. 1848-இல் தங்கம் கண்டெடுக்கப்பட்டதும் மக்கள் அலையலையாய்க் குடியேறினர். 1850-ஆம் ஆண்டின் சதுப்பு நிலச் சட்டம், அந்நிலங்களை வடித்து வேளாண்மைக்குக் கொணரும் நோக்கோடு அவற்றை மாநிலங்களிடம் ஒப்படைத்தது. கரைகள் எழுந்தன, வடிகால்கள் வெட்டப்பட்டன. காலப்போக்கில் சமவெளியின் சதுப்பு நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மறைந்தது.

1912-ஆம் ஆண்டளவில் இப்பள்ளத்தாக்கின் களிமண் நிலங்களில் வணிக நோக்கில் நெற்பயிர் தொடங்கிற்று. வழக்கம்போல வந்திறங்கிய பறவைகள், நாணலும் கோரையும் இருந்த இடத்தில் நெல்லைக் கண்டு அதனை உண்டன. அன்றுமுதல் அவை உழவரின் கண்ணுக்குத் திருடர்களாயின. 1937-இல் சாக்ரமெண்டோ தேசியக் காட்டுயிர்ப் புகலிடம் நிறுவப்பட்டது. 1948-இல் இயற்றப்பட்ட லீ சட்டம், பறவைகளுக்குத் தீனி அளித்து அவற்றைப் பயிரினின்று விலக்கி வைப்பதற்காக நிலம் வாங்க அரசுக்கு அதிகாரம் தந்தது. சொந்த வீட்டை இழந்தவர் அவ்வீட்டு வாயிலிலேயே அத்துமீறியவராகக் கருதப்படும் நிலையை மானிட வரலாற்றில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். இங்கே அது பறவைகளுக்கு நேர்ந்தது.

பயிரை உண்பது உழவருக்கு இழப்பு. அறுவடைக்குப் பின் சிந்திக் கிடப்பதை உண்பதால் யாருக்கும் இழப்பில்லை. அறுவடை இயந்திரம் எவ்வளவு நேர்த்தியாக இயங்கினாலும் சில மணிகள் தவறவே செய்யும். 1980-களில் அங்கு மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள், ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 300 கிலோ நெல் வயலில் எஞ்சுவதாகக் கண்டன. ஆயினும் இலையுதிர் காலத்தில் உழவர் வைக்கோலையும் அடித்தாளையும் தீயிட்டுக் கொளுத்துவது வழக்கம். பயிர்நோயை ஒழிக்கவும் அடுத்த பருவத்துக்கு நிலத்தை ஒழுங்குபடுத்தவும் அதுவே எளிய வழியாயிருந்தது. அதன் புகை ஊர்களைச் சூழ்ந்தது, மக்கள் மூச்சுத்திணறினர்.

எனவே, 1991-இல் கலிபோர்னியச் சட்டமன்றம் வைக்கோல் எரிப்பைப் படிப்படியாகக் குறைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2001-க்குப் பின் நோய் கண்ட வயல்களில் மட்டும், அதுவும் மொத்தப் பரப்பில் காற்பங்குக்கு மேற்படாமல், எரிக்க இசைவு கிடைத்தது. வேறு வழி தேடிய உழவர், வைக்கோலை நறுக்கி மண்ணில் அழுத்தி, குளிர்காலத்தில் வயலில் தண்ணீர் கட்டினர். அந்த ஆழமற்ற நீரில் வாத்துகள் வந்திறங்கின. சிந்திய நெல்லை அலகால் துழாவின. கால்களால் சேற்றைக் கிளறின. இக்கிளறலால் வைக்கோல் விரைவில் மட்குவதை ஆய்வாளர் உறுதிசெய்தனர். நேற்றைய திருடர் இன்று கூலி கேளாத வேலையாட்களாயினர். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ 3 இலட்சம் ஏக்கர் நெல்வயல்களில் இவ்வாறு குளிர்கால நீர் நின்றது.

மகிழத்தக்க முடிவுதான். எனினும் இங்கே இரு செய்திகளை நாம் மறத்தலாகாது. முதலாவது, அச்சட்டத்தின் நோக்கம் மனிதரின் சுவாசமே. பறவைகள் பெற்றது எவரும் திட்டமிடாத நன்மை. தற்செயலாய் வந்தது தற்செயலாகவே போய்விடவும் கூடும். கடும் வறட்சி நிலவிய 2022-இல் அம்மாநிலத்தில் வழக்கமான நெற்பரப்பில் ஏறத்தாழ பாதியில் மட்டுமே விதைப்பு நடந்தது. குளிர்காலத்தில் வயல்களில் கட்டத் தண்ணீரும் அரிதாயிற்று. இடம் சுருங்கும்போது பறவைகள் நெருங்கிக் கூடும். நோய் எளிதில் பரவும். இரண்டாவது, நெல் உடலுக்கு வெப்பம் தருமேயன்றி, வேண்டிய புரதத்தைப் போதிய அளவு தருவதில்லை. அதற்குச் சதுப்பு நிலத்தின் புழுபூச்சிகளும் பல்வகை விதைகளும் தேவை. மிச்சம் எவ்வளவு மிகுதியாயினும் இழந்த வீட்டுக்கு ஈடாகாது.

செல்வர் ஏழைக்குத் தருவது தம் பொருளையன்று, ஏழைக்கு உரியதையே திருப்பித் தருகின்றனர் என்று நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் புனித அம்புரோசியார் போதித்தார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் எழுதிய சுற்றுமடலில் அப்போதனையை நினைவூட்டினார். சாக்ரமெண்டோ வயல்களின் சிந்திய நெல்லை இவ்வொளியில் நோக்கினால், அது பறவைகளுக்கு இடப்பட்ட பிச்சையாகத் தோன்றாது. பறிக்கப்பட்ட 40 இலட்சம் ஏக்கருக்கு எதிராக, மிகச் சிறிதளவே திரும்பி வந்த கடனாகத் தோன்றும்.

கடன் என்று உணர்ந்தவர் வறட்சி வந்தபோதும் அதைச் செலுத்தும் வழி தேடுவார். தருமம் என்று எண்ணியவர் மிச்சமில்லாத ஆண்டில் கையை மூடிக்கொள்வார். நாம் கொடை என்று பெயரிட்டு அளிப்பவற்றுள் எவையெவை கடன் என்று நம் இல்லங்களிலும் பங்குகளிலும் எண்ணிப் பார்ப்பது தகும்.