டி-90 மலையேறிய கதை

பழைய ஜீப்பின் தரைத்தகட்டைக் கழற்றினால் எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு வார்ப்பிரும்புப் பெட்டி தெரியும். டி-90, மூன்று கியர். "இதை இறக்கிட்டு நாலு கியர் ஏத்திடலாமா?" என்று திண்டுக்கல்லில் மலை வண்டி ஓட்டுகிறவர் கேட்பது இதைக் காட்டித்தான். வேடிக்கை என்னவென்றால், பிறந்தபோது வலுவான மாற்றுப் பெட்டியாக வந்ததே இதுதான்.

போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இருந்தது டி-84. எடை குறைவு, ஆயுளும் குறைவு. போருக்கு அது போதும். 1945-இல் அதே ஜீப்பை உழவருக்கு விற்க வில்லிஸ் நினைத்தபோது, ஏர் இழுக்கும் வண்டிக்கு அந்தப் பெட்டி தாங்காது என்றானது. சிஜே-2ஏ வண்டியில் வார்னர் கியரின் டி-90 ஏறியது. முதல் கியர் விகிதம் 2.67-லிருந்து 2.8 ஆனது. கேட்க அற்பம்தான். ஆனால் கியர்ப் பெட்டிக்குப் பின்னாலுள்ள டிரான்ஸ்ஃபர் கேசின் லோ கியரும் அச்சு விகிதமும் சேர்ந்து மாறின. முதல் கியரில், லோவில், போர் ஜீப்பின் சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் ஏறத்தாழ 26 முறை சுற்றும். இதில் 37 முறை. நடையாள் வேகத்தில் ஊர்ந்தாலும் இழுவை விடாத வண்டி கிடைத்தது.

1940களின் இறுதியில் ஜீப்புகள் உதிரிகளாகக் கப்பலேறிப் பம்பாய் வந்தன. மகிந்திரா மசகானில் பூட்டிய அந்த வரிசையில் பின்னர் சிஜே-3பி சேர்ந்தது. அமெரிக்கா மறந்த பிறகும் அது இங்கே பல பத்தாண்டுகள் பிழைத்தது, டி-90-உம் கூடவே.

அதன் குணம் தெரிய வேண்டுமானால் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்கு ஏறிப் பார்க்க வேண்டும். வாழைத்தாரைக் குதிரை முதுகில் இறக்கிய மலை. சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். பாரம் ஏற்றிய ஜீப் வளைவில் திணறும். இரண்டாவது கியர் இழுக்காது. முதல் கியருக்கோ சின்க்ரோ கிடையாது. வண்டியை நிறுத்திப் போட வேண்டும், இல்லையேல் கிளட்சை இருமுறை மிதித்து, நடுவே ஆக்சிலரேட்டர் கொடுத்து, பல்லோடு பல் சேரும் நொடிக்குக் காத்திருக்க வேண்டும். தப்பினால் "கறக்"கென்று ஒரு சத்தம். அதை ஆயிரம் முறை கேட்ட பல் ஒருநாள் உடையும். ஓட்டுநர் கெட்டவரில்லை, வளைவு பொறுமையில்லாதது.

ஆகவே எம்எம்540-க்கு வந்த நான்கு கியர் கேஎம்டி90, பிறகு ஐந்து கியர் என்று மாற்றினார்கள். பெட்டியை இறக்கி ஏற்றுவது பாதி வேலைதான். புதிய பெட்டி நீளமானால் பின்னாலிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேசும் பின்னே தள்ளிப்போகும். முன் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை நீட்ட வேண்டும், பின்னதை வெட்டிக் குறைக்க வேண்டும். குட்டையான ஷாஃப்ட் அதிகக் கோணத்தில் சாய்ந்தால் யுனிவர்சல் ஜாயின்ட்டின் சிலுவை சீக்கிரம் தேயும். லேத்துக்காரர் வெட்டிய ஷாஃப்ட்டை நேர்பார்த்துப் பற்றவைக்காவிட்டால், சமவெளியில் வத்தலக்குண்டு சாலையில் வேகமெடுத்ததும் வண்டி உதறும். மலையில் கிடைத்தது தரையில் போகும்.

பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும் பழையதாகவே தங்கிவிடும். புதிய கியர்க் குச்சிக்குப் பக்கத்தில், பெயின்ட் உதிர்ந்த இரண்டு குட்டைக் குச்சிகள் இன்னும் நிற்கும்.